கலத்தினுள் கலம்: கப்பல் அட்டிலின் வரலாறு

முன்னுரை

தமிழில் ‘அடு’ என்னும் வினையடி இருபொருள் தருவது. சமைத்தல் ஒன்று, அழித்தல் மற்றொன்று. அடுப்பு, அட்டில், அடுக்களை, அடிசில் என வழங்கும் சொற்கள் முதற்பொருளின் வழிப்பட்டவை. பகைவரை அடுதல் என்னும் வழக்கு இரண்டாம் பொருளின்பாற்படும். நிலத்தில் வாழ்வார்க்கு இவ்விரு பொருளும் தம்முள் விலகியே நிற்கும். மரத்தாற் செய்து, கீல் பூசி, கயிறும் பாயும் நிறைத்த கப்பலில் வாழ்வார்க்கோ அவை ஒன்றையொன்று ஒட்டி நிற்பன. அவர்தம் உணவைச் சமைக்கும் தீயே அவர்தம் உறைவிடத்தை அழிக்கவும் வல்லது. தப்பியோட அவர்க்கு வேறிடமும் இல்லை.

கடல்வாழ்க்கையை ஆராய்ந்தோர் துறைமுகங்களைப் பற்றியும், ஏற்றியிறக்கிய பண்டங்களைப் பற்றியும், கடற்போர்களைப் பற்றியும் விரிவாக எழுதியுள்ளனர். அக்கப்பல்களில் அன்றாடம் எரிந்த அடுப்பைப் பற்றி எண்ணியோர் சிலரே. எனினும், நானூறும் எண்ணூறும் மாந்தரைத் திங்கட்கணக்கிற் சுமந்து சென்ற ஒரு கப்பலில், அவ்வடுப்பின்றி எப்பயணமும் நிகழ்ந்திராது.

கப்பல் அட்டிலின் உறுப்புகள் சுவை கருதித் தோன்றியவையல்ல. தீ, அசைவு, நன்னீர்க் குறை என்னும் மூன்று இடர்களுக்கு விடையாகத் தோன்றியவை. இம்மூன்றற்கும் விடைகண்ட மக்கள், நான்காவதாகிய ஓர் இடரை, அஃதாவது சமைக்கும் கலத்தின் உலோகத்தால் வருவதனை, நெடுங்காலம் அறியாதிருந்தனர். இவற்றைக் கருவிகளின் வழி நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். மரக்கலத்தையும் உண்கலத்தையும் ‘கலம்’ என்னும் ஒரே சொல்லாற் குறிக்கும் தமிழ் வழக்கு, இவ்வாராய்ச்சிக்கு நல்லதொரு தொடக்கமாக அமைகின்றது.

1. சொற்கள் காட்டும் செய்தி

கப்பல் அட்டிலை ஆங்கிலத்தார் ‘கேலி’ என்பர். அச்சொல் முதலில் துடுப்பால் உந்தப்படும் நீண்ட கப்பலைக் குறித்தது. அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்து வைக்கும் தட்டிற்கும், அதிலிருந்து எடுக்கும் முதற்படிக்கும் வழங்கும் பெயரும் அதுவே. சமைக்குமிடம் என்னும் பொருளில் அது 18 ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியிலிருந்துதான் வழங்கிவருகின்றது. அதற்கு முன்னர் ஆங்கில மாலுமிகள் வெறும் ‘சமையலறை’ என்னும் பொருள்பட்ட சொல்லையே ஆண்டனர். ஈழத்துத் தமிழர் வீட்டு அடுக்களைக்கு வழங்கும் ‘குசினி’ என்பதோ, கடல்வழி வந்த போர்த்துக்கேயர் சொல். கப்பலின் அட்டிற்பெயர் கரையேறாமல் நிற்க, கப்பலில் வந்தோரின் வீட்டு அட்டிற்பெயர் கரையேறிற்று என்பது கருதத்தக்கது.

இந்தியக் கடல்வழக்கில் இதனினும் தெளிவான சான்று ஒன்று உண்டு. 16 ஆம் நூற்றாண்டின் இறுதியில் அபுல் பசல் இயற்றிய ‘அயினி அக்பரி’, கப்பற் பணியாளரை வகைப்படுத்திக் கூறுங்கால் ‘பண்டாரி’ என்பானைக் குறிக்கின்றது. அவன் கப்பலின் பண்டகசாலைக்குப் பொறுப்பாளன். தமிழில் பண்டாரம் என்பது கருவூலத்தையும், பண்டாரி என்பது அதன் காப்பாளனையும் குறித்தல் அறிஞர் அறிந்ததே. பிற்காலத்தில், இந்திய மாலுமிகள் பணிபுரிந்த ஆங்கிலேய நீராவிக் கப்பல்களில், பண்டாரி என்பது சமையற்காரனின் பெயராயிற்று. காப்பவன் பெயர் சமைப்பவனுக்கு ஆனது தற்செயலன்று. கடலில் சமைத்தலாவது, இருப்பதை அளந்து, அடுத்த துறை வரும்வரை அதனைக் காத்தலே. அந்நூலில், பயணிகளுக்கு நன்னீர் பகிர்ந்தளிக்கும் பொறுப்புக் கணக்கனிடம் இருந்ததாகக் கூறப்படுவதும் ஈண்டு நினைத்தற்குரியது. நீர் அங்கே கணக்கில் எழுதப்படும் பொருளாக இருந்தது.

2. செங்கல் அடுப்பு

கப்பல் அட்டிலின் பழைய வடிவத்தை அகழாய்வுகள் காட்டுகின்றன. துருக்கி நாட்டுப் பொத்ரும் நகருக்கு அண்மையில், ‘தட்டைத் தீவு’ எனப் பொருள்படும் யாசியடா என்னும் தீவினருகே, கி. பி. 7 ஆம் நூற்றாண்டில் ஒரு பைசாந்திய வணிகக் கப்பல் மூழ்கியது. 1961 முதல் 1964 வரை ஜார்ஜ் பாஸ் என்பார் தலைமையில் கடலடியில் நிகழ்ந்த ஆய்வு, அக்கப்பலின் பிற்பகுதியில் ஓர் அட்டில் இருந்ததனைப் புலப்படுத்தியது. அதன் அடுப்பு ஓடுகளாலும் களிமண்ணாலும் ஆனது. அதன்மேல் கலங்களைத் தாங்க இரும்புக் கம்பிகள் கிடந்தன. அட்டிலின் கூரையும் ஓடு வேய்ந்ததே. கூரையோடு ஒன்றில் புகை வெளியேற வட்டத்துளை இருந்தது. மரக்கலத்தினுள் மண்ணாலான ஒரு சிறு வீட்டைக் கட்டி, அதனுள் தீயைச் சிறைவைத்தனர் எனலாம்.

ஒன்பது நூற்றாண்டுகளுக்குப் பின்னும் இம்முறை மாறவில்லை. இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் போர்க்கப்பலாகிய மேரி ரோஸ், 1545 ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 19 ஆம் நாள் சோலண்டு நீரிணையில் மூழ்கி, 1982 ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 11 ஆம் நாள் மேலே கொணரப்பட்டது. அதன் அட்டில் கப்பலின் அடிவயிற்றிலேயே அமைந்திருந்தது. செங்கல்லாற் கட்டிய இரண்டு அடுப்புகளின்மேல் இரண்டு பெருங்கொப்பரைகள் பதிக்கப்பட்டிருந்தன. அவற்றுட் பெரியது ஏறத்தாழ 600 லிட்டரும், சிறியது ஏறத்தாழ 360 லிட்டரும் கொள்ளத்தக்கவை. நானூற்றுக்கு மேற்பட்டோர்க்கு அவற்றிலேயே உணவு வெந்தது. 1628 ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் துறைமுகத்திலேயே கவிழ்ந்து, 1961 இல் மீட்கப்பட்ட வாசா என்னும் சுவீடன் நாட்டுக் கப்பலிலும் செங்கல் அடுப்பு அடித்தளத்திலேயே இருந்தது.

அடுப்பு ஏன் அடியில் வைக்கப்பட்டது? செங்கலின் சுமை கீழே இருந்தால்தான் கப்பல் நிலைகுலையாது. அசைவும் அங்கே குறைவு. ஆயின், தீக்கும் அசைவுக்கும் நேர்ந்த அவ்விடை வேறு கேடுகளைப் பிறப்பித்தது. வெப்பம், அருகே அடுக்கிய உப்பிறைச்சியையும் பிற உணவையும் கெடுத்தது. புகை கப்பல் முழுதும் பரவியது. 1618 இல் இறந்த வால்டர் ராலே என்னும் ஆங்கிலேய மாலுமி, நடுவயிற்றில் அமைந்த அட்டிலால் உணவு கெடுதலையும், அதன் சுமையாற் கப்பலின் கட்டமைப்புத் தளர்தலையும் தம் நூலிற் குற்றமாக எடுத்துரைத்தார். அட்டிலைக் கப்பலின் முற்பகுதிக்கு மேலேற்ற வேண்டும் என்னும் கருத்து இவ்வாறு வலுப்பெற்றது. ஆனால் செங்கலை மேலே ஏற்றலாகாது. எனவே, இடமாற்றம் முழுமைபெறப் பொருளும் மாறவேண்டியதாயிற்று.

3. இரும்பு அடுப்பு

18 ஆம் நூற்றாண்டில் அம்மாற்றம் நிகழ்ந்தது. செங்கல்லுக்கு மாற்றாக இரும்பு அடுப்புகள் படிப்படியாகப் புகுந்தன. 1780 ஆம் ஆண்டு அலெக்சாந்தர் பிராடி என்னும் ஸ்காத்லாந்து இரும்புத் தொழிலர் தம் அடுப்பிற்குக் காப்புரிமை பெற்றார். அவ்வடுப்பே பின்னர்ப் பிரித்தானியக் கடற்படையிற் பரவியது. 1805 இல் திரபால்கர் போரில் நெல்சனின் தலைமைக் கப்பலாகிய விக்டரியில் இருந்ததும் அவ்வகையே. அன்று அக்கப்பலில் இருந்தோர் ஏறத்தாழ 820 பேர்.

பிராடி அடுப்பின் உறுப்புகளை நோக்குவார்க்கு, முன்னர்க் கூறிய மூன்று இடர்களும் அதில் வரிசையாக விடைபெறுதல் புலனாகும். நாற்புறமும் இரும்பு சூழ்ந்தமையால் தீ கட்டுக்குள் நின்றது. புகைபோக்கி மேல்தளத்தைக் கடந்து வெளியே சென்றது. அதனுள் எழும் சூட்டுக் காற்று ஒரு சிறு காற்றாடியைச் சுழற்ற, அச்சுழற்சி சங்கிலி வழியாக இறைச்சி கோத்த கம்பியைத் திருப்பியது. வீணே போகும் புகையும் பணியாளாயிற்று. இரண்டு செம்புக் கொப்பரைகள் மூடியுடன் உள்ளே பதிந்திருந்தமையால், கப்பல் சாய்ந்தபோதும் அவை இடம்பெயரவில்லை. கொப்பரையினின்று எழும் ஆவியைக் குளிர்வித்து நன்னீராக்கும் உறுப்பும் அவ்வடுப்போடு இணைந்திருந்தது.

இவ்விறுதி உறுப்பின் வரலாறு தனியே கூறத்தக்கது. கொப்பரையாவியினின்று குடிநீர் பெறும் முறைக்காகச் சார்லசு இர்விங் என்னும் மருத்துவர்க்கு 1772 இல் பிரித்தானியப் பாராளுமன்றம் 5000 பவுன் பரிசளித்தது. ஜேம்சு குக் அக்கருவியைத் தம் இரண்டாம் பயணத்தில் (1772–1775) உடன்கொண்டு சென்றார். அது பயனுடையதே எனினும், அதனையே முற்றும் நம்புதல் தகாது என்பது அவர் முடிபு. காரணம் வெளிப்படை: நீரைப் பெற விறகோ நிலக்கரியோ வேண்டும்; அவையும் கப்பலில் அளவுடையனவே. நீர்க்கணக்கு எரிபொருட்கணக்காக மாறியதேயன்றி மறைந்துவிடவில்லை.

இத்துணைக் கருவிகள் இருந்தும், போருக்கு அணியமாகுங்கால் அடுப்பை அவிப்பதே முதல் வேலை, பெருங்காற்றெழும்போதும் அவ்வாறே. அந்நாட்களில் மாலுமிகள் உண்டது கரையிலே சுட்டு மூட்டையிற் கட்டிய காய்ந்த ரொட்டியை. நாளொன்றுக்கு ஒருவர்க்கு ஒரு பவுண்டு எடையென அது அளக்கப்பட்டது. தீ வைக்கலாகாத பொழுதுக்குத் தீயை முன்கூட்டியே கரையிற் செலவிட்டு வைத்தனர் என்று இதனை விளக்கலாம். இக்கருத்தை மீண்டும் காண்போம்.

4. செம்புக் கலமும் கரப்பான் நோயும்

இனி நான்காம் இடருக்கு வருவோம். ஈறு வீங்கிக் குருதி ஒழுகி, பழம்புண்களும் மீளத் திறந்து, மாலுமிகளைக் கொன்ற ஸ்கர்வி நோய், கடற்போர்களினும் மிகுதியான உயிர்களைக் கவர்ந்தது. தமிழ் மருத்துவ மொழிபெயர்ப்பாளர் சிலர் இதனைச் சொறிகரப்பான் எனக் குறிப்பர். 1747 இல் சாலிசுபரி என்னும் கப்பலில் ஜேம்சு லிண்டு என்னும் மருத்துவர், நோயுற்ற 12 பேரை இருவர் இருவராகப் பிரித்து வெவ்வேறு மருந்தளித்தார். நாரத்தை இனத்துப் பழங்களை உண்ட இருவரே விரைந்து தேறினர். ஆயின் பழம் கெடுமாகலின், சாற்றைச் சூடாக்கி வற்றுவித்து வைக்கும் முறையையும் அவரே கூறினார். அதற்கு மெருகிட்ட மண்கலத்தை அவர் குறித்தது நன்றே. எனினும் நெடுநேரம் ஏற்றிய சூடு, மருந்தின் உயிரையே போக்கிவிட்டது. தாம் கண்ட உண்மையைத் தம் அடுப்பாலேயே அவர் இழந்தார் எனல் பிழையாகாது.

குக் தம் கப்பல்களில் ஒரு விதியைக் கடுமையாக நிலைநாட்டினார். உப்பிறைச்சி வேகும் செம்புக் கொப்பரையின் மேல் மிதக்கும் கொழுப்பை எவரும் உண்ணலாகாது என்பதே அது. அவர் ஐயுற்றது கொழுப்பை; செம்பையன்று. ஆயினும் பிற்கால வேதியியல் நம் கருத்தைச் செம்பின்மேல் திருப்புகின்றது. 1928 இல் சென்ட் கியோர்கி பிரித்தெடுத்து, 1932 இல் இன்னதென அறியப்பட்ட வைட்டமின் சி, செம்பு சிறிதளவு கலந்தாலும் காற்றுப்பட விரைந்து சிதைவது. கப்பல் அட்டிலின் தலையாய கலம் செம்பாலானது. பளபளவெனத் துலக்கி வைப்பதனைத் தலைவர்கள் ஒழுங்கின் அடையாளமாகக் கொண்டனர். அவ்வொழுங்கினுள் இருந்த கேட்டை எவரும் காணவில்லை.

இதன் விளைவு அடுத்த நூற்றாண்டிலும் தொடர்ந்தது. 1795 இல் எலுமிச்சைச் சாறு கடற்படை முழுதும் வழங்கப்பெற்று நோய் ஒடுங்கியது. 1860 களில், நடுநிலக்கடற் பகுதியின் பெரிய எலுமிச்சைக்கு மாற்றாக, மேற்கிந்தியத் தீவுகளின் சிறு பச்சை எலுமிச்சை கொள்ளப்பட்டது. அதில் இயல்பாகவே அச்சத்துக் குறைவு. காற்றும் ஒளியும் படக் கிடந்தும், செம்புக் குழாய்களின் வழிச் சென்றும், எஞ்சியதும் அழிந்தது. 1875–1876 இல் ஜார்ஜ் நேர்ஸ் தலைமையில் வடமுனை நோக்கிச் சென்ற பிரித்தானியக் குழு, ஸ்கர்வியால் தாக்குண்டு திட்டமிட்ட காலத்திற்கு முன்னரே திரும்பியது. பனிச்சறுக்கு வண்டிகளிற் சென்றோர் சாற்றை உடன்கொள்ளாமையும் அதற்கு ஒரு காரணமே. ஆயினும், கப்பலில் இருந்த சாறும் பெரிதும் வலியற்றதே என்பது பின்னர்த் தெளிவாயிற்று. சிறு எலுமிச்சையின் இக்குறையை 1918 ஐ ஒட்டி இலண்டன் லிஸ்டர் நிறுவனத்தில் நிகழ்ந்த ஆய்வு உறுதிசெய்தது. மருந்து அறியப்பட்ட பின்னரும் நோய் மீண்டதற்கு, மருந்து நின்ற கலத்தையும் வந்த குழாயையும் எவரும் வினவாமையும் காரணமாயிற்று.

5. சமைத்தவர்

கருவிகளைக் கூறிச் சமைத்தவரைக் கூறாது விடுதல் முறையன்று. பிரித்தானியக் கடற்படையில் சமையற்காரர் பதவி பெரும்பாலும் போரில் உறுப்பிழந்த முதிய மாலுமிகளுக்கு வழங்கப்பட்டது. அது திறமை கருதிய தேர்வன்று. ஓய்வூதியத்தின் ஒரு வடிவம். 1768 இல் எண்டவர் கப்பலுக்கு முதலில் அனுப்பப்பட்டவர் நடக்கவியலாதவர் எனக் குக் முறையிட, மாற்றாக வந்த ஜான் தாம்சன் வலக்கை இழந்தவராக இருந்தார். குக் மீண்டும் மறுத்தும் பயனில்லை. அவ்வொற்றைக்கையரே உலகைச் சுற்றிய அப்பயணத்தின் அட்டிலை ஏற்றார். ஸ்டீவன்சனின் ‘புதையல் தீவு’ 1883 இல் நூலாக வெளிவந்தது. அதில் வரும் ஒற்றைக்காற் சமையற்காரன் வெறுங்கற்பனையல்லன் என்பதும், அக்கதைக்கு ஆசிரியர் முதலிலிட்ட பெயர் ‘கப்பற் சமையற்காரன்’ என்னும் பொருளதே என்பதும் இலக்கியம் பயில்வோர் அறியத்தக்கவை.

கொப்பரையின் மேல் திரளும் கொழுப்பில் ஒரு பங்கு சமையற்காரர்க்கு உரிமை. அவர் அதனை மெழுகுவத்தி செய்வார்க்கு விற்றுப் பொருளீட்டினார். குக் உண்ணலாகாது என விலக்கியதும் அக்கொழுப்பே. கணக்கிற் காட்டாத மறைமுகப் பணத்திற்கு ஆங்கிலத்தில் வழங்கும் தொடர், ‘கொப்பரைக் கொழுப்பின் நிதி’ என்னும் பொருளது; அட்டிலிற் பிறந்த சொல் அரசியலிற் சென்று நின்றது.

மேரி ரோஸின் அழிபாட்டினுள் ஒரு மரக்கிண்ணம் கிடைத்தது. அதில் ஒரு பெயர்ச்சுருக்கமும், ‘சமையற்காரன்’ என்னும் சொல்லும் கத்தியாற் கீறப்பட்டிருந்தன. மன்னர், தளபதியர் பெயர்களை ஏடுகள் காத்தன. இவர் பெயரைக் காத்தது அவர் உண்கலமே.

6. தீயற்ற அட்டில்

19 ஆம் நூற்றாண்டில் நீராவிக் கப்பல் வந்தபின், கொப்பரையைத் தீயிலிருந்து பிரிக்க இயன்றது. இரட்டைச் சுவருள்ள கலத்தின் இடைவெளியில் நீராவியைச் செலுத்தினால், தீ பொறியறையில் நிற்க, உணவு அட்டிலில் வேகும். பின்னர் மின்சாரம் வந்தது. ஐதரசன் நிறைத்த வான்கப்பல்களில் ஒரு பொறியும் பேரழிவாகும். ஆகவே 1936 இல் பறந்த ஹிண்டன்பர்க்கின் அட்டில் முழுதும் மின்னடுப்பாலேயே இயங்கியது. 1937 ஆம் ஆண்டு மேத் திங்கள் 6 ஆம் நாள் அது எரிந்தழிந்தது. அட்டில் அதற்குக் காரணமன்று.

கப்பலின் அட்டிற்பெயரையே வானூர்தியும் ஏற்றது. 1919 ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 11 ஆம் நாள், இலண்டனிலிருந்து பாரிசு சென்ற ஹாண்ட்லி பேஜ் வானூர்தியில் மூன்று சில்லிங் விலைக்கு உணவுப்பெட்டி விற்கப்பட்டது. 1936 இல் அமெரிக்காவின் யுனைடெட் நிறுவனம் ஓக்லாந்தில் வானூர்திகளுக்கெனத் தரையில் ஒரு சமையற்கூடம் தொடங்கியது. தரையிற் சமைத்துக் குளிர்வித்ததை வானிற் சூடாக்குதலே இன்றும் முறை. கரையிற் சுட்ட ரொட்டியைக் கடலில் உண்ட பழைய மாலுமியின் முறையும் இதுவே என்க.

வானூர்தி அட்டிலின் உறுப்புகளிலும் பழைய இடர்கள் புதுவடிவில் நிற்கின்றன. கப்பல் அடுப்பின் மேல்விளிம்பைச் சூழ்ந்த காப்புச்சட்டங்கள் பாத்திரம் வழுவாமற் காப்பன. வானூர்தியில் அவற்றின் இடத்தைத் தாழ்கள் ஏற்றன. முன்னோக்கிய திசையில் புவியீர்ப்பின் ஒன்பது மடங்கு விசையைத் தாங்குமாறு அங்குள்ள பொருள்கள் பிணிக்கப்பட வேண்டும் என்பது விதி. அதனாற்றான் தள்ளுவண்டியறைகளில் தாழ்கள் இரட்டையாக அமைகின்றன. ஒன்று முறியினும் மற்றொன்று தாங்கும். உள்ளே நிலவும் காற்றழுத்தம் ஏறத்தாழ 2400 மீட்டர் உயர மலைமேல் உள்ளதற்கு இணையாகக் குறையக்கூடும். அந்நிலையில் நீர் 92 பாகை அளவிலேயே கொதித்துவிடும். தேநீரின் சுவை வானில் மாறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடலிலோ விதிகள் இழப்புகளின் வழியே வளர்ந்தன. 1912 இல் டைட்டானிக் மூழ்கியதன் விளைவாக 1914 இல் கடலில் உயிர்க்காப்புக்கான முதற் பன்னாட்டு உடன்படிக்கை எழுந்தது. அதன் வழிவந்த 1974 ஆம் ஆண்டு உடன்படிக்கையின் தீக்காப்பு விதிகள், அட்டிற் புகைக்குழாய்க்குக் கொழுப்புப் பொறியும், தீத்தடுப்புக் கதவும், குழாயினுள்ளேயே தீயணைக்கும் அமைப்பும் வேண்டும் என்கின்றன. கொழுப்பு இங்கே மூன்றாம் முறையாக வருகின்றது. குக் அதனை உணவாக விலக்கினார். சமையற்காரர் அதனை விற்றார். இன்றைய விதி அதனை எரிபொருளாகக் கண்டு அஞ்சுகின்றது.

முடிவுரை

ஓட்டு அடுப்பு, செங்கல், இரும்பு, நீராவி, மின்சாரம் என்னும் இவ்வரிசையை நோக்குங்கால், கப்பல் அட்டிலின் வரலாறு தீயை மாந்தரிடமிருந்து படிப்படியாக விலக்கிய வரலாறு என்பது போதரும். அட்டிலில் காணும் தாழ், சட்டம், மூடி, புகைபோக்கி ஆகிய ஒவ்வொன்றும் யாண்டோ நேர்ந்த ஓர் இடரை நினைவிற் கொண்டு நிற்கின்றது. கண்ணுக்குப் புலனான தீக்கும் அசைவுக்கும் மக்கள் விரைந்து விடைகண்டனர். கண்ணுக்குப் புலனாகாத செம்பின் வினை மட்டும், துலக்கிய கொப்பரையின் ஒளியில் மறைந்து, நெடுநாள் உயிர்களைக் கவர்ந்தது.

ஆதலின், கடல்வரலாறு எழுதப் புகுவோர் கப்பல் எங்குச் சென்றது, எதனைச் சுமந்தது என்று வினவுவதோடு அமையாது, அதில் உணவு எக்கலத்தில் வெந்தது, யார் சமைத்தார் என்றும் வினவுதல் வேண்டும். மரக்கலத்தின் கதை, அதனுள் இருந்த உண்கலத்தின் கதையின்றி நிறைவுறாது.